மார்கழியும் கிறிஸ்துமஸும்

மார்கழி பிறந்து பத்து நாளில் கிறிஸ்துமஸ் வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் விடிவதற்கு முன் திருப்பாவை; பக்கத்து ராஜபாளையத்தில் இரவு கேரல்ஸ். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தான் பலரும் நினைக்கிறார்கள். சபைகளில் சிலருக்கு ஒருபடி மேலே போய் பயம். பரதம், விருத்தம், சிற்பம் எல்லாம் 'அந்தப் பக்கத்து' சமாச்சாரம், தொட்டால் விசுவாசம் கெட்டுவிடும் என்று.

எச்.ஏ.கிருஷ்ணபிள்ளைக்கு அந்த பயம் இருந்ததாகத் தெரியவில்லை. 1827ல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறியவர். 1858ல் கிறிஸ்தவரானார். மதம் மாறியது, காது மாறவில்லை. ஜான் பனியன் 1678ல் உரைநடையில் எழுதிய மோட்சப் பயணக் கதையை எடுத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுக்களில் 'இரட்சணிய யாத்திரிகம்' ஆக்கினார். 1894ல் புத்தகமாக வந்தது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பெயரும் கிடைத்தது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் கடவுளிடம் உரிமையோடு பேசிப் பழக்கிய தமிழ் தானே அவருக்கும் கைகொடுத்தது? (இத்தாலிக்காரரான வீரமாமுனிவரே தமிழ் இலக்கணம் படித்து 1726ல் தேம்பாவணி பாடினார். இங்கேயே பிறந்தவர்களுக்கு என்ன கூச்சமோ!)

உருவத்தோடு பழைய பக்தியும் ஒட்டிக்கொண்டு வரும் என்பது வெறும் கற்பனை இல்லை. வரும் தான். ஆனால் அதைக் கழுவிவிட்டு எழுதினால் மிஞ்சுவது, இங்கிலீஷ் மெட்டுக்கு இழுத்துக் கட்டிய தமிழ். அதில் பக்தி இருக்கலாம், பாட்டு இருப்பதில்லை.

ராஜபாளையத்துப் பையன் ஒருவன் இன்று நாலு விருத்தம் எழுதிக்கொண்டு போனால், கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட விடுவார்களா? கீபோர்டில் ரெடிமேட் தாளம் இருக்கும்போது கொஞ்சம் கஷ்டம் தான்.