வங்கிச் சேவையை முடக்கிய வால்வு

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் நான்கு வாரங்கள். அன்று பிற்பகலில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்கள் கடையில் பணம் செலுத்த முடியாமல் தவித்தனர். சுமார் 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று நாடாளுமன்றத்தில் பின்னர் தெரிவிக்கப்பட்டது.

காரணம் ஊடுருவலோ மென்பொருள் கோளாறோ அல்ல, தண்ணீர். இரு வங்கிகளும் பயன்படுத்திய ஈக்வினிக்ஸ் தரவு நிலையத்தில் திட்டமிட்ட மேம்பாட்டுப் பணி நடந்தது. குத்தகையாளர் ஒருவர் தவறான சமிக்ஞையை அனுப்ப, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. கணினி அறைகளில் வெப்பம் ஏறியது.

மாற்று நிலையங்களுக்கு முழுமையாக மாற முடியாமல் போனது வங்கிகளின் குறை. டிபிஎஸ் அவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களைச் செய்ய நாணய ஆணையம் ஆறு மாதத் தடை விதித்தது. அது சரியே. ஆனால் குழாய்க்குள் நடந்ததைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

குளிர்நீர்க் குழாயில் அழுத்தமும் நீரோட்டமும் ஒன்றல்ல. பம்புக்கு அப்பால் வால்வு மூடினால், அழுத்தமானி உயர்வாகக் காட்டும், தண்ணீரோ நகராது. அழுத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத் தோன்றும். இன்னொரு சிக்கலும் உண்டு. நீரோட்டம் குறைந்தால் குளிரூட்டும் இயந்திரத்தின் குழாய்களில் நீர் உறைந்து வெடிப்பு வரலாம். அதைத் தடுக்க இயந்திரம் தானாகவே நின்றுவிடும். மீண்டும் இயங்கச் சில நிமிடங்களாவது ஆகும். கருவியைக் காக்கும் ஏற்பாடே அறையைக் கைவிடுகிறது.

அந்த நிமிடங்கள்தான் இப்போது சுருங்குகின்றன. பம்பின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், கோட்பாட்டளவில், மின்செலவு ஏறத்தாழப் பாதியாகும். அதனால் தேவைக்கு மேல் ஒரு சொட்டுகூட ஓடாதபடி கட்டுப்படுத்துகிறார்கள். கணினி அறைகளை 26 டிகிரி செல்சியசிலோ அதற்கு மேலோ இயக்க வழிகாட்டும் தரநிலை 2023 ஜூனில் வெளியானது. ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம். மின்சாரப் பசி மிகுந்த இத்துறைக்கு இது தேவைதான். ஆனால் ஏற்கெனவே வெதுவெதுப்பான அறை, நீர் நின்றதும் ஆபத்து எல்லையை விரைவில் எட்டும். சிக்கனத்தைக் கேட்கும் கொள்கையும் தடையற்ற சேவையைக் கேட்கும் கொள்கையும் ஒரே குழாயை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன.

தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் தரவு நிலையங்களுக்கு வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டது. அவை ஆலோசனைகளே, கட்டாயமல்ல. மின்னிலக்க உள்கட்டமைப்புச் சட்டம் கொண்டுவரப்போவதாக அரசாங்கம் 2024ல் அறிவித்தது. அதில் எழுத வேண்டியவை சில எளிய கேள்விகள்: கணினிகள் இயங்கும்போது தொலைவிலிருந்து வால்வை மூட யாருக்கு அனுமதி? அக்கட்டளையை இரண்டாவது ஆள் சரிபார்க்கிறாரா? சமிக்ஞை தவறினால் வால்வு திறந்தே நிற்குமா? கையால் திறக்கத் தெரிந்த ஒருவர் சனிக்கிழமைப் பிற்பகலில் பணியில் இருப்பாரா?