பளபளக்கும் பழைய வரைபடங்கள்

நியூயார்க் துறைமுகத்தின் வாசலில் இருக்கிறது ஸ்டேட்டன் தீவு. அதன் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடங்களைப் புதுப்பித்து, சுவரில் மாட்டும் பிரதிகளாக இப்போது விற்கிறார்கள். பழுப்பு போய், கிழிசல் மறைந்து, கடல் வெளிர்நீலத்தில் மின்னுகிறது. அந்தத் தீவின் வடகிழக்குக் கரையில், டாம்ப்கின்ஸ்வில் ஊரை ஒட்டி, ‘குவாரன்டைன்’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

1799-இல் மாநில அரசு அங்கே 30 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனை கட்டியது. மஞ்சள் காய்ச்சல், பெரியம்மை, காலரா என எந்த நோயின் அறிகுறி தென்பட்டாலும் கப்பலை நிறுத்தி, நோயாளிகளை அங்கே இறக்கினார்கள். நகரத்தைக் காப்பாற்றிய ஏற்பாடு, பக்கத்து ஊருக்குத் தீராத தலைவலியானது. காய்ச்சல் மதில் தாண்டி வருகிறது என்று ஊரார் பல ஆண்டுகள் முறையிட்டார்கள், பலனில்லை. 1858 செப்டம்பர் 1, 2 தேதிகளின் இரவுகளில் திரண்டு போய் வளாகத்தையே கொளுத்திவிட்டார்கள். பிடிபட்ட தலைவர்களை நீதிபதி தண்டிக்காமல் விடுவித்தார். ஊர் தன்னைக் காத்துக்கொள்ளவே அப்படிச் செய்தது என்பது அவர் கண்ட நியாயம்.

மறுபடியும் கரையில் கட்டும் துணிவு அரசுக்கு வரவில்லை. சில காலம் மிதக்கும் மருத்துவமனையை வைத்துச் சமாளித்தது. பிறகு கீழ்விரிகுடாவில் மண்ணைக் கொட்டி ஸ்வின்பர்ன், ஹாஃப்மன் என்ற இரு செயற்கைத் தீவுகளை எழுப்பியது. முந்தைய வரைபடங்களில் வெறும் நீர்ப்பரப்பாக இருந்த இடத்தில், அந்த நூற்றாண்டின் கடைசி வரைபடங்கள் இரண்டு தீவுகளைக் காட்டுகின்றன.

இந்த வரைபடங்களைப் புதுப்பிப்பதே தவறு என்று வாதிட முடியாது. அக்காலச் சுவர் வரைபடங்களைத் துணியில் ஒட்டி, வார்னிஷ் பூசி, கட்டையில் சுருட்டி வைப்பார்கள். நாளடைவில் வார்னிஷ் கறுத்து, சுருட்டிய இடமெல்லாம் வெடிக்கும். அந்தக் கருமையைக் கணினியில் நீக்கினால்தான் ஊர்ப் பெயர்களையே படிக்க முடியும்.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. வெடிப்பை மறைக்க, பக்கத்துப் பகுதியிலிருந்து நிறத்தை எடுத்து மென்பொருளால் நிரப்புகிறார்கள். பூச்சி அரித்த துளைக்கும் நில அளவையர் வைத்த புள்ளிக்கும் வித்தியாசம் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. பிற்காலத்தில் யாரோ பென்சிலில் திருத்திய எல்லைக்கோடும் அழுக்கோடு சேர்ந்து போய்விடும்.

ஒரு கோடுதானே என்று விட்டுவிட முடியாது. அந்த மருத்துவமனையில் இறந்தவர்களை அருகிலேயே புதைத்தார்கள். பலர் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய அயர்லாந்துக்காரர்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த மயானங்களில் ஒன்றின்மேல் வாகன நிறுத்துமிடம் வந்தது. பின்னர் நீதிமன்றம் கட்டுவதற்கான பணி நடந்தபோது எலும்புகள் கிடைத்தன. 2014-இல் அவற்றை முறைப்படி மறு அடக்கம் செய்தார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் மண்வெட்டியை வைக்குமுன் எங்கே என்ன இருந்தது என்று தேடுவோருக்குப் பழைய வரைபடத்தின் மங்கிய கோடும் சாட்சிதான்.

‘இது அலங்காரப் பொருள், ஆராய்ச்சிக்கு நூலகம் இருக்கிறதே’ என்பார்கள் விற்பனையாளர்கள். பாதி உண்மை. 2014-இல் நியூயார்க் பொது நூலகம் 20,000-க்கும் மேற்பட்ட பழைய வரைபடங்களின் மின்படிகளைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. ஆனால் மூலம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்றே சொல்லாத பிரதியை வாங்கியவர் எங்கே போய் ஒப்பிடுவார்?

ஆகவே விற்பவர்கள் ஓரத்தில் நான்கு விவரங்களை அச்சிடட்டும்: வரைந்த ஆண்டு, வரைந்தவர், மூலம் இருக்கும் நூலகம், புதுப்பித்தபோது நீக்கியதும் சேர்த்ததும். இதற்கு ஒரு வரி இடம் போதும். கடற்கரைத் தகவல் பலகைகளிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தப் பிரதிகளை வைப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். 1858-க்கு முந்தைய வரைபடம் ஒன்றையும் தீவுகள் எழுந்தபின் வரைந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நடுவில் அந்த இரண்டு இரவுகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதட்டும்.