துருக்கித் தொப்பி

துருக்கியர் என்றதும் நம்மில் பலருடைய மனக்கண் முன் தோன்றுவது, கருங்குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பிதான். அதற்கு நாம் இட்டிருக்கும் பெயரே துருக்கித் தொப்பி. ஆனால் இன்று துருக்கியில் அதை அணிந்த ஒருவரைத் தரிசிக்க விரும்பும் நேயர்கள், உல்லாசப் பிரயாணிகளுக்கு ஐஸ்கிரீம் விற்கும் கடையைத்தான் தேடிப் போகவேண்டும்!

அந்தத் தொப்பி துருக்கியரின் புராதனச் சின்னமும் அன்று. தலைப்பாகையை விலக்கிவிட்டு உத்தியோகஸ்தர்கள் இதையே அணியவேண்டுமென்று 1829-ல் கட்டளையிட்டவர் சுல்தான் இரண்டாம் மஹ்மூத். அந்நாளில் அது நவநாகரிகச் சீர்திருத்தம்! பிற்காலத்தில் இத்தொப்பிகள் ஏராளமாக ஆஸ்திரியாவிலிருந்து வந்து இறங்கின. 1908-ல் ஆஸ்திரியா பாஸ்னியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, ஆத்திரங்கொண்ட துருக்கியர் அந்தத் தொப்பிகளைப் பகிஷ்கரித்தார்கள். வங்காளத்தில் சுதேசி இயக்கம் அந்நியத் துணியைப் பகிஷ்கரித்த காலமும் ஏறக்குறைய அதுவே. கடைசியாக, 1925-ல் முஸ்தபா கெமாலின் அரசாங்கம் சட்டத்தினால் அதை விலக்கியது. எதிர்த்தவர்களில் சிலர் தூக்குமேடை ஏறவும் நேர்ந்தது. ஆக, ‘அசல் துருக்கி’ என்று உலகம் எண்ணிய பொருள், அந்நாட்டில் நூறு வருஷம்கூட நிலைத்திருக்கவில்லை.

துருக்கியரும் அரபியரும் ஒன்றே என்று கருதுவது மற்றொரு தவறு. மதம் ஒன்றாயிருக்கலாம், குலமும் பாஷையும் வேறு. துருக்கியரின் பாஷை மத்திய ஆசியாவிலிருந்து வந்தது. உஸ்பெக், அஜர்பைஜானி முதலிய மொழிகளுக்கு உறவானது. சொல்லின் பின்னே விகுதிகளைச் சேர்த்துக்கொண்டே போவது அதன் இயல்பு. ‘எவ்’ என்றால் வீடு. ‘எவ்லெர்’ என்றால் வீடுகள். ‘எவ்லெரிமிஸ்தே’ என்றால் நம் வீடுகளில். தமிழர்களுக்கு இந்த முறை விளங்குவதில் சிரமமில்லை; அதற்காக இரண்டும் ஒரு தாய் வயிற்று மொழிகள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்! 1928 வரையில் அரபு லிபியில் எழுதிவந்த துருக்கியர், அது முதல் லத்தீன் எழுத்துக்களில் எழுதுகிறார்கள். துருக்கியில் வசிப்போர் எல்லாரும் துருக்கியர் என்று நினைப்பதும் சரியன்று. குர்து இனத்தார் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள்.

இனி, அந்தப்புர விஷயம். மேனாட்டாரின் கற்பனைக் குதிரை இங்கே பறந்ததுபோல் வேறெங்கும் பறக்கவில்லை. சுல்தான்களின் அரண்மனையில் அந்தப்புரம் இருந்தது உண்மை. அடிமைப் பெண்கள் இருந்ததும் உண்மை. ஆனால் சாதாரணக் குடும்பங்களில் ஒருவருக்கு மேல் மனைவியை உடையவர் மிகச் சிலரே. பிரிட்டிஷ் ஸ்தானாபதியின் மனைவியாக 1717-ல் அங்கு சென்ற மேரி மாண்டேகு சீமாட்டி, தமக்கு முன் வந்த பிரயாணிகள் கண்ணால் காணாத அந்தப்புரங்களைப் பற்றிக் கூசாமல் எழுதியதைத் தம் கடிதங்களில் பரிகசித்தார். துருக்கிப் பெண்கள் தங்கள் சொத்தைத் தாங்களே வைத்து ஆண்டதையும் கண்டு எழுதினார். இங்கிலாந்தில் மணமான ஸ்திரீக்குச் சட்டம் அந்த உரிமையை முழுமையாக அளித்தது 1882-ல்தான். வைசூரியைத் தடுக்க அம்மைப்பால் குத்தும் வழக்கத்தையும் அங்கே பார்த்து, 1718-ல் தம் மகனுக்கே குத்துவித்தார்.

இவ்வளவு சொல்லியும் பயன் என்ன? பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் அதே கடிதங்களைப் படித்துவிட்டு, தமது 82-வது வயதில், 1862-ல், ‘துருக்கி ஸ்நானம்’ என்ற சித்திரத்தைத் தீட்டினார். ஆடையற்ற பெண்கள் கும்பலாகச் சாய்ந்து கிடக்கும் சித்திரம் அது. அவர் துருக்கியை எட்டிப் பார்த்ததும் இல்லை. ஆனால் உலகத்தின் மனத்தில் நின்றது கடிதம் அல்ல, சித்திரமே. 1926-ல் அந்நாட்டுச் சட்டம் பலதாரமணத்தை ஒழித்ததையும், 1934-ல் பெண்கள் பார்லிமெண்டுத் தேர்தலில் வாக்குரிமை பெற்றதையும் அறிந்தவர் எத்தனை பேர்? பிரான்ஸ் தேசத்துப் பெண்களுக்கு அந்த உரிமை 1944 வரை கிட்டவில்லை.

இவையெல்லாம் மேனாட்டார் செய்த பிழைகள் என்று நாம் திருப்தியடைந்துவிடலாகாது. துருக்கியை நேசித்த இந்தியர்களும் பிழைபட்டதுண்டு. 1919 முதல் கிலாபத் இயக்கத்தில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்றார்கள். கலீபாவின் பதவியைக் காப்பாற்றுவதற்காகச் சிறையும் சென்றார்கள். துருக்கியரோ அப்போது தங்கள் மண்ணை மீட்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1922-ல் சுல்தான் பதவியை ஒழித்தார்கள். 1923-ல் குடியரசு கண்டார்கள். அவ்வருஷக் கடைசியில், கலீபாவின் கௌரவத்தைக் காக்கவேண்டுமென்று ஆகா கானும் அமீர் அலியும் பிரதம மந்திரி இஸ்மத் பாஷாவுக்கு எழுதினார்கள். கடிதம் அவர் கைக்குச் சேருமுன்பே இஸ்தான்புல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அந்நியர் தலையீடு என்று அங்காராவில் கோபம் மூண்டது. 1924 மார்ச் 3-ந் தேதி கலீபா பதவியே ஒழிந்தது. இந்தியாவில் பலர் திகைத்துப் போனார்கள். அந்தப் பதவியைத் துருக்கியரில் பெரும் பகுதியார் தங்கள் சுதந்திரத்துக்கு இடையூறாகக் கருதக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இகழ்ந்தவர், போற்றியவர் இருவருமே துருக்கியரை நேரில் கேட்டறிய மறந்தார்கள். 1927-ல் காதரைன் மேயோ என்ற அமெரிக்க மாது, சில மாதச் சுற்றுப்பிரயாணத்தை வைத்துக்கொண்டு ‘மதர் இந்தியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டபோது நம் தேசமே கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பு நியாயமானால், பிற தேசத்தாரைப் பற்றிப் பேசும்போது நமக்கும் சற்று நாவடக்கம் வேண்டாமா?