பக்கத்துப் பண்ணையில் வாங்கினால் பாவம் தீருமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் துலூஸ் நகரில் எங்கே திரும்பினாலும் ஃபுவா க்ராதான். சூப்பர்மார்க்கெட்டில் அதற்கென்று தனி அலமாரி, வாரச் சந்தையில் தனி வரிசை. வகுப்பில் உடன் படிக்கும் பிரெஞ்சு நண்பர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, நாம் ஊறுகாய் பாட்டில் கொண்டுவருவது மாதிரி ஆளுக்கொரு கண்ணாடி ஜாடி கொண்டுவருகிறார்கள். இது வாத்தின் (சில சமயம் பெரிய வாத்தான கூஸின்) கொழுத்த ஈரல். பெயருக்கு அர்த்தமே 'கொழுத்த ஈரல்'தான். எழுதும்போது கடைசியில் ஒரு 'ஸ்' உண்டு, வாயில் வராது. பிரெஞ்சுக்காரர்கள் எழுதுவதில் பாதியைச் சொல்ல மாட்டார்கள் என்பது தெரிந்ததுதானே :-)

இதைச் சாப்பிடலாமா கூடாதா என்ற சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. ஆனால் இங்கே நண்பர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வாதம் கொஞ்சம் வேறு மாதிரி. "பெரிய கம்பெனி சரக்கை, ஹங்கேரியிலிருந்தோ பல்கேரியாவிலிருந்தோ வந்ததை வாங்குவது தப்பு. எங்கள் ஊர் விவசாயியிடம், முகம் தெரிந்தவரிடம் வாங்கினால் என்ன தப்பு?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்த ஈரல் எப்படித் தயாராகிறது என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலும் 'முலார்' என்ற கலப்பின ஆண் வாத்து. சுமார் பன்னிரண்டு வாரம் மற்ற வாத்துகளைப் போலவே வளர்கிறது, பெரும்பாலும் வெளியே புல்லில் மேய்ந்தபடி. அதன் பிறகுதான் 'கவாஜ்'. தொண்டைக்குள் நீளமான குழாயை விட்டு மக்காச்சோளத்தை நேராக உள்ளே தள்ளுவது. தினம் இரண்டு வேளை, ஏறக்குறைய பன்னிரண்டு நாள். பெரிய பண்ணைகளில் காற்றழுத்த இயந்திரம் இரண்டு மூன்று நொடியில் வேலையை முடித்துவிடும். சிறு விவசாயி புனல் வைத்துக் கையால் செய்வார், கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வார். இரண்டு விதத்திலும் ஈரல் வழக்கமான அளவைப்போல ஆறிலிருந்து பத்து மடங்கு வீங்கிவிடும். வாத்து ஈரல் குறைந்தது 300 கிராம் இருந்தால்தான் ஃபுவா க்ரா என்று விற்கலாம் என்று 2008-ஆம் வருட ஐரோப்பிய ஒன்றிய விதி சொன்னது. அதாவது, வீங்காத ஈரல் சட்டப்படியே செல்லாது.

இன்னொரு விஷயம். ஆண் வாத்து ஏன்? பெண் வாத்தின் ஈரல் சிறியது, நரம்பு அதிகம். அதனால் இந்தத் தொழிலில் பெண் குஞ்சுகளுக்கு மதிப்பில்லை. பல இடங்களில் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். இது ஜாடியின் லேபிளில் இருக்காது.

தயாரிப்பாளர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். வாத்தின் தொண்டை நம்முடையது போல அல்ல, நன்றாக விரிந்து கொடுக்கும், நமக்கு வருவது போன்ற குமட்டலும் வராது என்கிறார்கள். வலசை போகும் பறவைகள் பயணத்துக்கு முன்னால் ஈரலில் கொழுப்பு சேர்த்துவைப்பது இயற்கை, தீனியை நிறுத்தினால் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றும் சொல்கிறார்கள். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் முலார் வாத்து எங்கேயும் வலசை போவதில்லை. அது குஞ்சு பொரிக்கக்கூட முடியாத மலட்டுக் கலப்பினம். தீனியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்பதும் உண்மைதான், யாரும் நிறுத்துவதில்லை என்பதும் உண்மைதான். ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 1998-இல் இதையெல்லாம் அலசிவிட்டு, அன்று நடைமுறையில் இருந்த கட்டாயத் தீனி பறவைகளின் நலனுக்குக் கேடு என்று முடிவு சொன்னது. அந்த இரண்டு வாரத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை இறக்கின்றன, அதே வயதுடைய சாதாரண வாத்துகளில் இது 0.2 சதவீதம் அளவுதான் என்று அந்த அறிக்கை குறிப்பிட்டது.

இப்போது 'உள்ளூர்' வாதத்துக்கு வருவோம். துலூஸுக்கு மேற்கே ஜேர்ஸ் மாவட்டத்தில் சமத்தான் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே திங்கட்கிழமைதோறும் கூடும் சந்தை இந்தச் சரக்குக்குப் பேர்போனது. இப்படிப்பட்ட சந்தையில் வாங்கினால் பணம் இடைத்தரகர் கைக்குப் போகாமல் விவசாயிக்குப் போகும். பறவைக் காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தாக வாத்துகளைக் கொன்று புதைத்த வருடங்களில் இந்த விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2023 அக்டோபரில் பிரான்ஸ் வாத்துகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். அவர்களுக்கு நாலு காசு சேர வேண்டும் என்று நினைப்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சிறு பண்ணையில் வாத்து கொஞ்சம் பதமாகக் கையாளப்படும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் கவனியுங்கள். பணம் யாருக்குப் போகிறது, சரக்கு எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது, ஊரின் தொழில் பிழைக்குமா என்ற கேள்விகளுக்குத்தான் 'உள்ளூர்' என்ற சொல் பதில் சொல்கிறது. எல்லாம் மனிதர்களைப் பற்றிய கேள்விகள். வாத்தின் கேள்வி வேறு. பண்ணை 40 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால் அந்தக் குழாய் ஒரு அங்குலம்கூடக் குறையப் போவதில்லை. 'தென்மேற்கு' என்ற புவியியல் குறியீட்டு முத்திரையும் அப்படித்தான். வாத்து எந்தப் பகுதியில் வளர்ந்தது, என்ன தின்றது என்று அது உறுதி கொடுக்கும். குழாய் இல்லாமல் வளர்ந்தது என்று கொடுக்காது, கொடுக்கவும் முடியாது. ஏனென்றால் பிரெஞ்சு சட்டமே 2006-இல் ஃபுவா க்ராவை நாட்டின் பண்பாட்டு, உணவு மரபுச் சொத்து என்று அறிவித்ததோடு, கவாஜ் மூலம் கொழுக்க வைத்த ஈரல்தான் ஃபுவா க்ரா என்று விளக்கமும் எழுதிவைத்திருக்கிறது. குழாய் இல்லையென்றால் அந்தப் பெயரே கிடையாது!

குழாய் இல்லாமல் முடியவே முடியாதா? ஸ்பெயினின் எஸ்த்ரமதூரா பகுதியில் எதுவார்தோ சூசா என்பவர் செய்துகாட்டினார். அவருடைய கூஸ்கள் திறந்தவெளியில் ஓக் கொட்டையும் ஆலிவும் தின்று, குளிர் தொடங்கும்போது தாமாகவே கொழுக்கின்றன. 2006-இல் பாரிஸ் உணவுக் கண்காட்சியில் அவருக்குப் பரிசும் கிடைத்தது. ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் அறுவடை, சரக்கு கொஞ்சம், விலை எக்கச்சக்கம். ஆக, கொடுமை இல்லாமலும் செய்யலாம், எல்லாருக்கும் எல்லா நாளும் கிடைக்கும்படிதான் செய்ய முடியாது. நாம் உண்மையில் பேசிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

தூரத்தை வைத்து ஒழுக்கத்தை அளந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு கலிபோர்னியா நல்ல உதாரணம். அங்கே 2012 ஜூலையில் விற்பனைத் தடை அமலுக்கு வந்தது. பிறகு வழக்குக்கு மேல் வழக்கு. கடைசியில், வெளிமாநில வியாபாரியிடமிருந்து தனிநபர் வரவழைத்துக்கொள்ளலாம் என்று 2020-இல் தீர்ப்பு வந்தது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தெருமுனைக் கடையில் வாங்கினால் குற்றம், பெட்டியில் வந்து இறங்கினால் குற்றமில்லை. இங்கே பக்கத்தில் வாங்கினால் புண்ணியம், அங்கே தூரத்தில் வாங்கினால் புண்ணியம். இடையில் வாத்து மட்டும் அதே வாத்து.

உடனே ஒரு கை உயரும், தெரியும். "சிக்கன் பிரியாணி சாப்பிடுகிற நீ பேசலாமா?" நல்ல கேள்வி. பல்லடம் பக்கத்துப் பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடை ஏறுகிறது, சில கோழிகளால் ஒழுங்காக நடக்கவும் முடிவதில்லை. நாமக்கல் முட்டைக் கோழிக்குக் கூண்டில் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை. எண்ணிக்கையில் பார்த்தால் இதன் முன்னால் ஃபுவா க்ரா தூசு. 2014-இல் இந்தியா ஃபுவா க்ரா இறக்குமதியைத் தடை செய்தபோது நாமெல்லாம் மார்தட்டிக்கொண்டோமே, அதனால் எத்தனை பேர் வீட்டுச் சாப்பாடு மாறியது? யாரும் சாப்பிடாத ஒன்றைத் தடை செய்வது சுலபம்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கோழியைக் கூண்டிலிருந்து இறக்கி, இடம் கொடுத்து, மெதுவாக வளர்த்தாலும் அது கோழிக்கறிதான், முட்டை முட்டைதான். விலை ஏறும், அவ்வளவே. அங்கே துன்பம் என்பது செலவு குறைக்கப்போய் வந்த பக்க விளைவு. ஃபுவா க்ராவில் அந்த வீங்கிய ஈரலேதான் சரக்கு. அதைச் சீர்திருத்தினால் விற்பதற்கு எதுவும் மிஞ்சாது. அதனால்தான் வாத்துகளை அடைத்த தனிக் கூண்டுகளை 2010-களில் பிரான்சில் ஒழித்தபோதும் குழாயில் யாரும் கை வைக்கவில்லை. கோழி விஷயத்தில் நாம் செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது என்பதால், இந்தச் சின்ன விஷயத்தில் சும்மா இருந்துவிடலாம் என்று ஆகிவிடாது. இதில் விடுவதற்கு நமக்குச் செலவே இல்லை.

என் முடிவு இதுதான். நான் வாங்க மாட்டேன், சமத்தான் சந்தையிலும் சரி, சூப்பர்மார்க்கெட்டிலும் சரி. நண்பன் வீட்டில் அவன் பாட்டி தன் கையால் செய்து ரொட்டித் துண்டில் வைத்து நீட்டினால்? விருந்துக்குப் போன இடத்தில் முகம் சுளிக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். "வேண்டாம் பாட்டி, நன்றி" என்று சொல்லிவிட்டுப் பாலாடைக்கட்டிப் பக்கம் கை நீட்டுவேன். சாப்பாட்டு மேஜையில் பிரசங்கம் பண்ண மாட்டேன்.

வாங்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்தில் பண்ணை இருப்பதில் ஒரு நிஜமான லாபம் உண்டு: போய்ப் பார்க்கலாம். பெரிகோர் பக்கம் சில பண்ணைகளில் கவாஜ் நேரத்தில் சுற்றுலாப் பயணிகளையே உள்ளே விடுகிறார்கள். ஹங்கேரி ஜாடி வாங்குகிறவருக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளவாவது வழி இருக்கிறது. ஊர்க்காரருக்கு அந்த வழியும் கிடையாது. ஒருநாள் போய், குழாய் உள்ளே இறங்குவதை நின்று பாருங்கள். ஜாடியை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.