துப்ளிகாத்தா எங்கே?

எங்கள் பாகூரின் பெருமை பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு. இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த சேதி அதில் இருக்கிறது. செப்பேடோ பாரீசுக்குப் போய்விட்டது. ஊரில் மிஞ்சியது "அப்படி ஒன்று உண்டு" என்ற பேச்சுதான்.

போன மாதம் என் பேரன் இதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்துவிட்டு, "தாத்தா, வெயிட்டைக் குறைச்சாச்சு" என்றான்.

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கல்வெட்டுகளையும் பழைய பத்திரங்களையும் அவனும் நண்பர்களும் படமெடுத்து, 'கிட்' என்ற மென்பொருளில் சேர்த்து வருகிறார்கள். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று எல்லாம் பதிவாகும். முழுதாக நகலெடுத்த ஒவ்வொருவர் வீட்டிலும் பழைய வரலாறு மொத்தமும் இருக்கும். அதுதான் அதன் பலமே.

படங்கள் சேர்ந்து கனத்துப்போனதால், 2015-ல் வந்த 'கிட் எல்.எஃப்.எஸ்.' முறைக்கு மாற்றினார்கள். பெரிய கோப்பு வேறு சர்வருக்குப் போய்விடும். இங்கே அதனிடத்தில் மூன்று வரிச் சீட்டு: முறையின் பெயர், 64 எழுத்து அடையாளம், எத்தனை பைட். நான் இறக்கிப் பார்த்தபோது பத்திரம் வரவில்லை, சீட்டுதான் வந்தது. அந்த மாதத்து இலவச அளவு தீர்ந்துவிட்டதாம்!

இன்னொன்று. பழைய பதிவுகளையும் சேர்த்து மாற்றினால் வரலாறே திருத்தி எழுதப்பட்டு, பதிவு எண்கள் மாறிவிடுகின்றன. நான் நோட்டில் குறித்து வைத்திருந்த எண்கள் எல்லாம் வீண். குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தெரியும், எண் மாறிய கோப்பு தொலைந்த கோப்புக்குச் சமம்.

கனத்தைக் குறைக்காதே என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு 'துப்ளிகாத்தா' இல்லாமல் தூக்கம் வராது. 1776-லேயே பிரெஞ்சு அரசு ஆணை போட்டது: காலனிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் நகல் ஒன்று வெர்சாயுக்கு வர வேண்டும். மூலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குச் சீட்டு கொடுக்கவில்லை. இங்கேயும் வைத்தார்கள், அங்கேயும் வைத்தார்கள். அதனால்தான் இன்றும் நம் ஆட்கள் பாட்டன் பெயரை அந்த ஏடுகளில் தேட முடிகிறது.

ஆகவே பிள்ளைகளே, மாற்றுவதற்கு முன் பழையதை அப்படியே இரண்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். மாற்றிய பின் 'ஃபெட்ச் ஆல்' கொடுத்து எல்லாக் காலத்துக் கோப்புகளையும் ஓர் இடத்திலாவது இறக்குங்கள். 'ஆப்ஜெக்ட் மேப்' என்று ஒரு வசதி உண்டு. பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று பட்டியல் தரும். அதையும் எடுங்கள். ஒரு நாள் வேலை.

ஒரு டிஸ்க் என் டிரங்குப் பெட்டிக்கு வந்தாக வேண்டும் என்று பேரனிடம் சொல்லிவிட்டேன். பாகூரிலிருந்து ஒரு தடவை போனது போதும்.