ஒரே கிருமி, உடம்புக்கு உடம்பு வேறு!

தஞ்சை வட்டாரத்தில் ஐப்பசி மழை கொட்டுகிறது. சம்பாப் பயிர் மூழ்கி விடுகிறது.

பத்து நாள் கழித்து வெள்ளம் வடிகிறது. ஒரு வயலில் பயிர் அழுகிக் கிடக்கிறது. பக்கத்து வயலில் பயிர் மறுபடி தலை நிமிர்கிறது!

அது "சி.ஆர்.1009 சப்-1" என்ற நெல். இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்கும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து அதற்கு வந்து சேர்ந்த மரபணுதான் காரணம்.

மனிதருக்கும் இப்படி உண்டு.

எய்ட்ஸ் நோயைத் தருவது எச்.ஐ.வி. கிருமி. இந்தியாவில் இதை முதன்முதலில் 1986-ம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள்.

மருந்து சாப்பிடாவிட்டால், கிருமி புகுந்து சுமார் 10 ஆண்டில் எய்ட்ஸ் வரும். சிலருக்கு இரண்டு, மூன்று ஆண்டிலேயே வந்து விடும். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்கள் மருந்தில்லாமலே கிருமியை அடக்கி வைக்கிறார்கள்.

ஏன் இந்த வேறுபாடு?

காட்டிக் கொடுக்கும் கை

கிருமி உயிரணுவுக்குள் ஒளிந்து கொள்கிறது. அந்த உயிரணு, கிருமியின் துணுக்கு ஒன்றை வெளியே தூக்கிக் காட்டுகிறது. காவல் காக்கும் வெள்ளை அணுக்கள் பாய்ந்து வந்து அதை அழிக்கின்றன.

அப்படிக் காட்டும் "கை"யை உண்டாக்குவது எச்.எல்.ஏ. மரபணு. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருகிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும்கூட வேறுபடலாம்.

கிருமி அடிக்கடி மாறுவேடம் போடும். ஆனால் பி-57, பி-27 என்ற வகைகள், கிருமி எளிதில் மாற்ற முடியாத பகுதியைப் பிடித்துக் காட்டுகின்றன. திருடன் மறைக்க முடியாத தழும்பைப்போல! அதனால் நோய் மெதுவாகிறது. பி-35 வகையில் சில, நோயை விரைவாக்குகின்றன.

ஐரோப்பியரில் நூற்றில் ஒருவருக்கு, கிருமி வழக்கமாக நுழையும் கதவே இல்லை. அந்த மரபணு மாற்றம் இந்தியரிடம் மிக அரிது.

நம்பி இருக்கலாமா?

கூடாது!

விதை மூட்டையில் ரகத்தின் பெயர் இருக்கும். மனிதன் நெற்றியில் அப்படி எழுதியிருக்கவில்லை. கிருமியை அடக்கியவர்களிலும் சிலருக்குப் பின்னாளில் அது தலைதூக்கியது உண்டு.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

2004-ம் ஆண்டு முதல் அரசு இலவசமாக மருந்து கொடுக்கிறது. நாள் தவறாமல் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையிலேயே இருந்தால், தாம்பத்திய உறவில் மனைவிக்கோ கணவனுக்கோ தொற்றாது.

நல்ல மரபணு சிலருக்கே கிடைத்த சொத்து. மருந்து எல்லோருக்கும் கிடைக்கும் சொத்து!