அலங்காரம் குற்றமா?

ஓவியமொன்றை இழித்துரைக்க விமர்சகர் கையாளும் சொற்களுள் ‘அலங்காரம்’ என்பதற்குத் தனியிடமுண்டு. ‘இது வெறும் அலங்காரம்’ எனக் கூறிவிட்டால், அதற்கு மேல் ஆராய வேண்டியது எதுவுமில்லை என்பது அவர்தம் துணிபு. பொருள் அகத்தே உறைவது, அலங்காரம் புறத்தே பூசப்படுவது, பூச்சு மிகுந்தவிடத்துப் பொருள் மெலியும் என்பதே இத்துணிபின் அடிப்படை. இவ்வடிப்படை எத்துணைப் பிழையானது என்பதைப் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1911 இல் வரைந்த ‘ஓவியரின் குடும்பம்’ என்ற ஒரு படைப்பே காட்டப் போதுமானது.

143 சென்ரிமீற்றர் உயரமும் 194 சென்ரிமீற்றர் அகலமுங் கொண்ட இவ்வோவியத்தில் நால்வர் இடம்பெறுகின்றனர். இடப்புறத்தே மனைவி அமெலி அமர்ந்து தையல் வேலையில் ஈடுபட்டிருக்கிறாள். நடுவே, செந்நிற உடையணிந்த புதல்வர் ஜோன், பியேர் இருவரும் சதுரக்கட்டப் பலகையிற் காய் நகர்த்துகின்றனர். வலப்புறத்தே மகள் மார்கரித் கரிய உடையுடன், மஞ்சள்நிற நூலொன்றைக் கையிலேந்தி நிற்கிறாள். சுவரிற் பூக்கள், இருக்கையிற் பூக்கள், நிலவிரிப்பிலும் பூக்கோலம். விரிப்பு தரையிற் கிடவாது சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது. 1910 இல் மியூனிக் நகரில் நடைபெற்ற இஸ்லாமியக் கலைக் கண்காட்சியை மத்தீஸ் நேரிற் கண்டவர். பாரசீகச் சிற்றோவியங்களின் தட்டையான வெளியமைப்பு இங்கு புலப்படுவது தற்செயலன்று.

இத்தகைய ஓவியத்தை இரு சாரார் இரு வகையாகச் சிதைக்கின்றனர். முதற் சாரார் இதனை முதலாளித்துவ வரவேற்பறைச் சுகத்தின் வெளிப்பாடு என ஒதுக்குவர். இதனை வாங்கியவர் மொஸ்கோவின் துணி வணிகரான செர்கேய் சுக்கின் என்பதும், களைத்த மனத்திற்குச் சாய்நாற்காலிபோல் ஆறுதல் தருங் கலையை மத்தீஸ் 1908 இல் விரும்பியுரைத்தார் என்பதும் அவர்தம் சான்றுகள். இரண்டும் உண்மையே. ஆயின், வாங்கியவனின் வர்க்கத்தைக் கூறுவதால் படைப்பின் பொருளைக் கூறியதாகிவிடாது.

இரண்டாஞ் சாரார் குறியீடு தேடுவோர். கறுப்பு துயரம், மஞ்சள் அறிவு, ஆட்டப்பலகை வாழ்க்கைப் போர் என ஒவ்வொன்றுக்கும் அகராதிப் பொருள் எழுதுவதோடு இவர்தம் பணி முடிந்துவிடும். அமெலி மணம்புரிந்த 1898 ஆம் ஆண்டுக்கு முன்னரே, வேறொரு தாயிடம் 1894 இல் மத்தீசுக்குப் பிறந்தவள் மார்கரித் என்பதை அறிந்ததும், கரிய உடையை ‘அந்நியத்தின் குறியீடு’ என முத்திரையிடவுந் தயங்கார். அமெலி அவளைத் தன் மகளாகவே வளர்த்தாள் என்பது இம்முத்திரைக்கு இடையூறு. ஓவியத்தை நோக்கினும், பூக்களின் பெருக்கிடையே அக்கரிய உருவமே தூண்போல் நின்று வலப்புறத்தைத் தாங்குவது தெரியவரும். விலக்கப்பட்டவளை எவரும் தூணாக நிறுத்துவதில்லை.

இரு சாராரும் காணத் தவறுவது ஒன்றே: இங்கு பொருள் அலங்காரத்தின் பின்னே ஒளிந்திருக்கவில்லை; அலங்காரமே அதனைச் சொல்கிறது. நால்வருள் எவரும் மற்றொருவர் முகத்தை நோக்கி உரையாடவில்லை. முகங்களில் உணர்ச்சி தீட்டப்படவுமில்லை. பார்வைகள் பிணைக்காத குடும்பத்தைப் பிணைப்பது கோலமே. அதேவேளை, ஒருவரையொருவர் நெருங்கியிருந்தும் தத்தம் கருமத்தில் தனித்திருக்கும் இல்லறத்தின் இயல்பை அது மறைக்கவுமில்லை.

இன்னொன்றும் மனங்கொளத்தக்கது. பூக்கோலங்கள் நிறைந்த இவ்வறையில் ஊசி பிடித்த கையொன்று உண்டு. அது அமெலியின் கை. மணவாழ்வின் தொடக்க ஆண்டுகளில் தொப்பிக் கடை நடத்தி, வருவாயற்ற ஓவியரையும் குடும்பத்தையும் தாங்கியவள் அவள். மத்தீஸ் வளர்ந்த பொஹெய்ன் நெசவாளர் நகரம். எனவே அக்குடும்பத்தில் அலங்காரம் என்பது ஓய்வின் அடையாளம் மட்டுமன்று, உழைப்பின் விளைவுமாகும். அதனை ‘வெறும் அலங்காரம்’ என்போர் உழைப்பின் பெயரால் உழைத்த கையையே இகழ்கின்றனர்.

இவ்விகழ்ச்சிக்கு ஒரு வரலாறுண்டு. கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ் அலங்காரத்தைக் குற்றத்தோடு இணைத்தபோது, பப்புவா மக்களின் பச்சை குத்தலையே பிற்பட்ட நிலைக்கு எடுத்துக்காட்டாக்கினார். நாகரிகம் வளர வளர அலங்காரம் மறையும் என்ற அவரது கூற்றில் ஐரோப்பிய மேலாண்மையின் குரல் தெளிவாகக் கேட்கிறது. மற்றொரு திசையிலிருந்தும் தாக்குதல் வந்தது. 1918 இல் சுக்கினின் சேகரிப்பைப் புரட்சி அரசு பொதுவுடைமையாக்கியது; அது போற்றத்தக்க செயல். ஆயின் 1948 இல், உருவவாதம் என்ற குற்றச்சாட்டின் பேரில், அச்சேகரிப்பைக் கொண்டிருந்த மொஸ்கோ அருங்காட்சியகத்தையே சோவியத் அரசு மூடியது. ஓவியங்கள் இரு நிறுவனங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. ‘ஓவியரின் குடும்பம்’ ஹேர்மிற்றாஜ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. மக்களுக்குரியதாக்கப்பட்ட கலையை மக்களின் பெயராலேயே மக்களிடமிருந்து மறைத்த கொடுமை அது. விமர்சகரின் சோம்பற்சொல் ஆட்சியாளரின் ஆணையாக மாறுவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, அணி என்பது பிற்காலத்தவர் கருதுவதுபோல் மிகையான சேர்க்கையன்று, பொருளைத் தன் பணிக்குப் போதியதாக்குவதே என்று 1939 இல் வாதிட்டார். ‘அலம்’ என்ற வடசொல்லுக்குப் ‘போதும்’ என்ற பொருளுண்மையை அவர் சுட்டினார். கண்டிய கைவினைஞரின் தொழிலை ஆராய்ந்து 1908 இல் பெருநூல் வெளியிட்டவர் அவர். ஆதலின் அக்கூற்றின் பின்னே வெறும் சொல்லாராய்ச்சியன்றி உழைக்கும் கைகளைக் கண்ட அனுபவமும் இருந்தது.

கலையின் சமூகப் பொருளை வற்புறுத்துவோர் அலங்காரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கோலத்தை இட்ட கை யாருடையது, அக்கோலம் யாரை யாரோடு இணைக்கிறது என்ற வினாக்களே சமூகவியல் வினாக்கள். அவற்றை எழுப்பாது ‘அலங்காரம்’ என்ற ஒரு சொல்லால் தீர்ப்பெழுதுவது விமர்சனமாகாது. அது பார்க்க மறுப்பதேயாகும்.